மதிலைப் பார்த்துவிட்டு வாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை தொழிலில் முன்னேறுவதைப் பற்றியும் பிறரை வழிநடத்துவதைப் பற்றியும் கேட்டிருந்தன. கூடவே, தம் சமய நம்பிக்கைக்கு அதில் என்ன இடம் என்றும் கேட்டிருந்தன. நான் மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்து, கொழும்பில் 27 ஆண்டுகள் மனிதவளப் பிரிவுகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆதலால் எனக்குப் பழக்கமான வேதக் கதைகள் முதலில் வாயில் வருவதை மற்றச் சமயத்தவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடிதங்களைச் சுருக்கி, எழுதியவரை அடையாளங்காட்டும் விபரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 31 வயது. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில், வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது, கணக்கியல் தொழிற்பரீட்சையில் எனக்கு மீதமுள்ள இரண்டு பாடங்களையும் இந்த ஆண்டு முடித்துவிடுவேன் என்று ஜெபித்துத் தீர்மானிப்பேன். மார்ச் மாதத்துக்குள் எல்லாம் கைவிட்டுப் போய்விடும். நான்கு ஆண்டுகளாக இதே கதைதான். என் விசுவாசம் குறைவா, அல்லது இது கடவுளின் சித்தம் இல்லையா? (கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: உங்கள் கொப்பிப் பக்கத்தின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். மேலே நீல மையில் வசனம், அதன் கீழே அடிமட்டம் வைத்து இழுத்த இரட்டைக் கோடு, அதற்குக் கீழே ‘தினமும் 3 மணித்தியாலம்’ என்ற தீர்மானம். பின்னர் ஜனவரி 1 முதல் 19 வரை வரிசையாகச் சரி அடையாளங்கள்; அதன்பின் இடையிடையே சில; பெப்ரவரி 23க்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வசனமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. உங்களுடைய நாள் மட்டும் அதில் எங்கேயும் இல்லை. காலை ஏழரைக்கு வீட்டிலிருந்து புறப்படுவதும், மாலை ஆறரைக்குத் திரும்பிச் சமைப்பதும், அம்மாவுக்குப் பிரஷர் கூடினால் அன்றிரவு நித்திரை இல்லாமற் போவதும் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், போகிற போக்கில் சொன்னவையாக இருக்கின்றன. அவற்றைத்தான் கொப்பியில் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நெகேமியாவின் கதை உங்களுக்குத் தெரியும். பாரசீக ராஜாவின் சூசான் அரண்மனையில், ராஜாவுக்குப் பானம் பரிமாறும் பானபாத்திரக்காரனாக இருந்தவர், எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, உட்கார்ந்து அழுது, உபவாசித்து ஜெபித்தார். (அலங்கம் என்று பழைய மொழிபெயர்ப்பிலே படித்து வளர்ந்த எனக்கு, மதில் என்ற சொல் ஏனோ அந்தக் கதைக்குப் போதவில்லை.) நம்முடைய பிரசங்கங்களில் இந்த அழுகையையும் ஜெபத்தையும் விரிவாகச் சொல்வார்கள், அடுத்து வருவதை அவசரமாகக் கடந்துவிடுவார்கள். செய்தி வந்தது கிஸ்லேவு மாதம். அவர் ராஜாவிடம் வாய்திறந்தது நிசான் மாதம். இடையில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் சென்றன. அந்த மாதங்களில் அவர் என்ன யோசித்தார் என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் ராஜா ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டபோது, மனதுக்குள் ஒரு ஜெபம் சொல்லிவிட்டு அவர் கேட்டவற்றைப் பாருங்கள். எப்போது திரும்பி வருவேன் என்று ஒரு காலத்தைக் குறித்துக் கொடுத்தார். நதிக்கு அப்புறத்து அதிகாரிகளுக்குக் கடிதங்கள் கேட்டார். வாசற்கதவுகளுக்கு மரம் தரும்படி, ராஜாவின் வனத்தைக் காக்கும் ஆசாபுக்கு ஒரு கடிதம் கேட்டார். மரம் யாரிடம் இருக்கிறது என்பதுவரை அறிந்து வைத்திருந்தவர் அந்த நான்கு மாதங்களும் சும்மா இருந்திருக்க மாட்டார்.

எருசலேமுக்குப் போய்ச் சேர்ந்தபின், மூன்று நாள் கழித்து, இராக்காலத்தில், சில பேரை மட்டும் அழைத்துக்கொண்டு, ஒருவருக்கும் அறிவிக்காமல் மதிலைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் இடிபாடு அவ்வளவு அதிகம். அவர் ஏறிப்போன மிருகத்துக்கு வழியே இருக்கவில்லை. அதையும் பார்த்துவிட்டுத்தான் ‘எழுந்து கட்டுவோம் வாருங்கள்’ என்றார். மதில் 52 நாளில் முடிந்தது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்த இரவை யாரும் நினைப்பதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது, அடுத்த ஒரு வாரத்துக்கு எந்தத் தீர்மானமும் எடுக்காதீர்கள், புத்தகத்தையும் திறக்காதீர்கள் என்பதே. கொப்பியின் புதிய பக்கத்தில் ஏழு நாட்களையும் கோடிட்டு, ஒவ்வொரு மணித்தியாலமும் உண்மையில் எங்கே போனது என்று அன்றன்று இரவு எழுதுங்கள். எதையும் திருத்த முயலாமல், வெட்கப்படாமல் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் போன நேரத்தையும் எழுதுங்கள். வார முடிவில் படிப்புக்கென்று உண்மையாகவே எடுக்கக்கூடிய நேரம் ஏழு மணித்தியாலம் என்று தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் 26 வாரம். ஏழால் பெருக்கினால் 182 மணித்தியாலம். உங்கள் விரிவுரையாளரிடம், அல்லது சென்ற முறை சித்தியடைந்த ஒருவரிடம், ஒரு பாடத்துக்கு எவ்வளவு நேரம் தேவைப்பட்டது என்று கேளுங்கள். அவர் 150 என்று சொன்னால், அடுத்த பரீட்சைக்கு நீங்கள் ஒரு பாடம்தான் எழுதலாம். இரண்டாவதை அதற்கடுத்த பரீட்சைக்கு வைக்க வேண்டும். கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலாவது உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொன்னது, கணக்குப் பிரிவில் வேலை செய்யும் உங்களுக்கு மற்றவர்களைவிட நன்றாக விளங்க வேண்டும்.

விசுவாசம் குறைவா என்று கேட்டீர்கள். நான்கு ஆண்டு தோற்றும் ஐந்தாம் ஆண்டு கேட்டெழுதுகிறவரிடம் அந்தக் குறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வாக்குத்தத்த அட்டை பரீட்சைப் பெறுபேற்றுக்கான உத்தரவாதச் சீட்டு அல்ல. நீங்கள் படிக்கும்போது உங்களோடு யார் இருக்கிறார் என்பதைச் சொல்வது அது. அவ்வளவில் அதை விட்டுவிடுங்கள். ‘சித்தம் இல்லை’ என்ற சொல்லையும் கவனமாகப் பாவியுங்கள். நேரக் கணக்குப் போடாத நம் பிழையைக் கடவுளின் தலையில் ஏற்றுவதற்கு அது மிகவும் வசதியான சொல்.

இன்னொன்று. நெகேமியாவின் மூன்றாம் அதிகாரம் பெயர்ப் பட்டியல் என்பதால் யாரும் படிப்பதில்லை. பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கைக் கட்டினார்கள் என்று அதில் திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் தம்பி வெள்ளவத்தையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவைப் பார்க்கும் பங்கில் ஞாயிறு பிற்பகல் நான்கு மணித்தியாலமாவது அவருடைய வீட்டுக்கு எதிரே இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். இதைக் கேட்பதுதான் இந்தத் திட்டத்திலேயே உங்களுக்குக் கஷ்டமான வேலை என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஒரு தனியார் நிறுவனத்தில் அண்மையில் பிரிவு முகாமையாளராகப் பதவியுயர்வு பெற்றேன். எனக்குக் கீழே 14 பேர்: சிங்கள பௌத்தர், தமிழ் இந்துக்கள், முஸ்லிம்கள், இரண்டு கத்தோலிக்கர். என் சபையில் நடந்த தலைமைத்துவப் பயிற்சியில், விசுவாசத்தைத் தொழிலிடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தை ஒரு சிறிய ஜெபத்துடன் தொடங்கலாமா? விரும்பாதவர் கலந்துகொள்ளத் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுவேன். (தெஹிவளை வாசகர்)

பதில்: வேண்டாம். இதை நான் செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

முப்பத்தாறு வயதில் எனக்கும் ஒரு பிரிவைத் தந்தார்கள். நானும் திங்கட்கிழமைகளில் ஜெபித்தேன். நானும் ‘விரும்பியவர்கள் மட்டும்’ என்று சொன்னேன். எல்லாரும் வந்தார்கள். எனக்கு அது பெரிய சாட்சியாகத் தோன்றியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, இடமாற்றம் பெற்றுப் போன ஒரு பௌத்த எழுதுவினைஞர், கடைசி நாள் தேநீர் குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘சேர், நீங்கள் கண்ணை மூடியதும் நான் மனதுக்குள் பெற்றிகாஷ் கணக்கைக் கூட்டுவேன்; ஒரு நாளும் பிழைத்ததில்லை.’ ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். ‘என் இன்கிரிமென்ற் பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறவர் நீங்கள்தானே’ என்றார். அவர் வெறுப்போடு சொல்லவில்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. சம்பள உயர்வைத் தீர்மானிக்கிறவர் விடுக்கும் அழைப்பை, கீழே இருப்பவர் அழைப்பாகக் கேட்பதில்லை. நீங்கள் எவ்வளவு தெளிவாக விதிவிலக்குச் சொன்னாலும் அது மாறாது.

விசுவாசத்தைத் தொழிலிடத்துக்குக் கொண்டு செல்வது என்றால் என்ன என்பதற்கு நம் தீவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகப் பிரகடனம் செய்த யோசேப் வாஸ் அடிகள், ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து ஏழை வேலையாளைப்போல வேடமிட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். பின்னர் கண்டிக்குச் சென்றபோது ஒற்றனென்று சந்தேகித்துச் சிறைப்பிடித்தார்கள். அங்கே அப்போது ஆட்சிசெய்தவர் பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியன். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, வசதியுள்ளவர்கள் நகரத்தை விட்டு விலகியபோது, வாஸ் அடிகள் கைவிடப்பட்டவர்களின் சமயம் எதுவென்று பாராமல் அவர்களைப் பராமரித்தார். அந்தச் சேவையை மதித்த மன்னர், நாட்டில் பணிசெய்ய அவருக்குக் கூடுதல் சுதந்திரம் கொடுத்தார்.

உங்கள் 14 பேரிடமும் இதற்குச் சமமானது என்னவென்று தேடுங்கள். ரமழான் மாதத்தில் கூட்டங்களை மாலை ஐந்து மணிக்கு வைக்கிறீர்களா, காலையில் வைக்கிறீர்களா? மாத இறுதிக் கணக்கு பிழைத்தபோது மேலிடத்தில் யாருடைய பெயரைச் சொல்கிறீர்கள்? லீவு கேட்டு வருகிறவரை எவ்வளவு நேரம் நிற்க வைக்கிறீர்கள்? நெகேமியாவை மேலே சொன்னேன். அவர் அதிபதியாக இருந்த பன்னிரண்டு ஆண்டுகளும், தனக்கு முன்னிருந்த அதிபதிகள் ஜனங்களிடம் வாங்கிய உணவுப்படியை வாங்கவில்லை. ‘தேவனுக்குப் பயந்ததினாலே நான் இப்படிச் செய்யவில்லை’ என்கிறார். ஒரு நிர்வாகி தன் விசுவாசத்தை வரவுசெலவுப் புத்தகத்தில் காட்டிய இடம் அது. ஜெபம் வேண்டுமென்றால், திங்கட்கிழமை அரை மணித்தியாலம் முன்னதாக வந்து, கதவைச் சாத்திவிட்டு, பதினாலு பேருடைய பெயரையும் சொல்லி ஜெபியுங்கள். அவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் சைவ இளைஞர் மன்றத்துக்கு ஒன்பது ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். குருபூசை, பண்ணிசை வகுப்பு, அன்னதானம், இரத்ததான முகாம் எல்லாவற்றையும் நானே இழுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. இளையவர்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் களைத்துவிட்டேன். அடுத்த தலைமுறைத் தலைவர்களை உருவாக்குவது எப்படி? (கொழும்பு 13 வாசகர்)

பதில்: தொலைபேசியில் பேசியபோது, மன்றத்தின் சாவிகள் எத்தனை உங்களிடம் இருக்கின்றன என்று கேட்டேன். எண்ணிச் சொன்னீர்கள்: களஞ்சிய அறை, சமையற்கூடம், உண்டியல், ஒலிபெருக்கி அலுமாரி, நூலகம், முன் கேற், பின் கேற், இன்னும் எதற்கென்று நினைவில்லாத இரண்டு. ஒன்பது சாவி, ஒரே வளையத்தில். இளையவர்கள் ஏன் படம் மட்டும் எடுக்கிறார்கள் என்று கேட்டீர்கள். கைத்தொலைபேசி ஒன்றுதான் உங்கள் வளையத்தில் இல்லாத பொருள்.

இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து
அதனை அவன்கண் விடல்

என்ற குறளை மேடையில் நீங்களே பலமுறை சொல்லியிருப்பீர்கள். ‘ஆய்ந்து’ என்பதில் எல்லாரும் நிற்கிறார்கள். கஷ்டம் ‘விடல்’ என்பதில் இருக்கிறது. ஒருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் நாமும் போய் நின்றால் அது விட்டதாகாது. எங்கள் வேதத்திலும் இதே கதை வருகிறது. மோசே காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்குகளைத் தீர்ப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, ‘நீர் செய்கிற காரியம் நல்லதல்ல’ என்று முகத்துக்கு நேரே சொல்லி, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் அதிபதிகளை நியமிக்கச் சொன்னார். மோசேயும் களைப்பார், காத்து நிற்கும் ஜனங்களும் களைப்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம். ஒருவர் எல்லாவற்றையும் செய்யும்போது மற்றவர்களும் களைக்கிறார்கள் என்பதைச் சங்கங்களிலும் சபைகளிலும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காத்து நிற்பதும் ஒரு வேலைதான்.

அப்பர் சுவாமிகளின் வாக்கை நீங்கள் தேற்றரவாக எடுத்ததில் எனக்குக் கொஞ்சம் மறுப்பு இருக்கிறது. அவர் கையில் இருந்தது உழவாரப்படை. திருவீதியில் முளைத்த புல்லைச் செதுக்கினார். அதை யாரும் செய்துவிடக்கூடாது என்று பூட்டி வைக்கவில்லை. அவரைப்பற்றிப் பெரியபுராணம் சொல்வதில் எனக்கு மிகவும் பிடித்தது திங்களூர் அப்பூதியடிகளின் கதை. அப்பரை ஒரு முறைகூடக் காணாமலே, அவருடைய பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இட்டு, தண்ணீர்ப்பந்தலுக்கும் அதே பெயரை எழுதி வைத்திருந்தார் அப்பூதியார். அப்பர் அந்த வழியாக வந்து பந்தலைக் கண்டபோதுதான் அப்படியொன்று நடப்பதே அவருக்குத் தெரிந்தது. அந்தப் பந்தலின் செயலாளராக அவர் இருக்கவில்லை, அதன் சாவியும் அவரிடம் இருக்கவில்லை.

அடுத்த குருபூசைக்குச் சமையற்கூடத்தின் சாவியை மட்டும், பண்ணிசை வகுப்பில் பொறுப்பாக இருப்பதாக நீங்கள் குறிப்பிட்ட அந்தப் பெண் பிள்ளையிடம் கொடுங்கள். எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும், எவ்வளவு பணம், எத்தனை மணிக்குப் பந்தி என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். எப்படி என்பதை அவரிடம் விடுங்கள். அன்றைக்கு நீங்கள் சமையற்கூடத்தின் பக்கம் போகக்கூடாது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடிக்கலாம். அதைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த நாள், ‘என்ன நடந்தது’ என்று கேளுங்கள். ‘நான் அப்போதே நினைத்தேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். உண்டியற் சாவியைக் கடைசியாகக் கொடுங்கள், அதையும் இருவரிடம் சேர்த்துக் கொடுங்கள். அது நம்பிக்கையைப் பற்றியதல்ல, கணக்காய்வைப் பற்றியது. எதற்கென்று தெரியாத அந்த இரண்டு சாவிகளை என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை.

கேள்வி: புறக்கோட்டையில் எனக்கொரு துணிக்கடை இருக்கிறது. பக்கத்துத் தெருவில் இரண்டாவது கடை திறக்கலாமா என்று இஸ்திகாரா தொழுதேன். கனவு எதுவும் வரவில்லை. அல்லாஹ்வின் மேல் தவக்குல் வைத்து (பொறுப்பை அவனிடம் விட்டு) இறங்கிவிடுவதா, காத்திருப்பதா? (தெமட்டகொடை வாசகர்)

பதில்: மார்க்கத் தீர்ப்புச் சொல்வதற்கு நான் ஆளல்ல; அதை உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். ஆனால் நான் கேட்டறிந்த அளவில், இஸ்திகாரா என்பது இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, இந்தக் காரியம் எனக்கு நன்மையானால் இலகுவாக்கித் தா, தீமையானால் என்னைவிட்டு விலக்கிவிடு என்று கேட்கும் துஆ. கனவு வரவேண்டும் என்பது அந்தத் துஆவின் சொற்களில் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனத்திலும் ஒழுங்கு அப்படித்தான் இருக்கிறது: காரியத்தில் அவர்களோடு கலந்தாலோசியும், உறுதிகொண்டபின் அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டும். முதலில் மஷூரா எனும் கலந்தாலோசனை, பிறகு முடிவு, அதன்பின் தவக்குல். உங்கள் கடிதத்தில் மஷூராவைக் காணவில்லை. கடையில் ஆறு பேர் வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் புதிய கடையில் நிற்கும் நாளில் பழைய கடையின் காசு மேசையில் யார் இருப்பார் என்று அந்த ஆறு பேரிடமும் கேட்டீர்களா? இரண்டாவது கடைக்குக் கொடுக்கப் போகும் முற்பணம், பெருநாளுக்குச் சரக்கு எடுக்கும் பணத்திலிருந்து போகிறதா? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தபின் மீண்டும் தொழுங்கள்.

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் இருக்கிறேன். வயது 42. புதிய மேலதிகாரி எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்துகிறார். சில வாரங்களாக நித்திரை இல்லை. விசுவாச அடிப்படையிலான கோச்சிங் என்று ஒருவரிடம் பத்து அமர்வுகளுக்குப் பணம் கட்டினேன். மூன்றாம் அமர்விலேயே அவர், ‘ஆண்டவர் எனக்கு வெளிப்படுத்திவிட்டார், இந்த மாத இறுதிக்குள் வேலையை விடுங்கள், உங்களுக்காகப் பெரிய தலைமைத்துவம் காத்திருக்கிறது’ என்கிறார். கீழ்ப்படியாவிட்டால் ஆசீர்வாதம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. (வத்தளை வாசகர்)

பதில்: உங்களுக்கு நடந்ததைக் கோச்சிங் என்று சொல்லமாட்டேன். அந்தத் தொழிலின் அடிப்படையே, இலக்கும் முடிவும் பயிற்சி பெறுபவருடையவை என்பதுதான். பயிற்றுவிப்பவர் கேள்வி கேட்பார், நீங்கள் சொன்னதை உங்களுக்கே திருப்பிக் காட்டுவார், சொன்னதைச் செய்தீர்களா என்று விசாரிப்பார். சமயம் சார்ந்து செய்பவர் கூடவே ஜெபிக்கலாம், வசனத்தை நினைவூட்டலாம். ‘எனக்கு வெளிப்படுத்தினார்’ என்று சொன்ன நொடியில் அவர் உங்கள் கதிரையில் வந்து உட்கார்ந்துவிட்டார். மீதி ஏழு அமர்வுகளின் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் போகாதீர்கள்.

இனி வேலையை விடுவதைப் பற்றி. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1521இல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, மாதக்கணக்கிற் படுக்கையில் கிடந்தவர். போர்வீரனாகச் சாகசம் செய்வதைக் கனவு காணும்போதும் இன்பமாக இருந்தது, புனிதர்களைப்போல வாழ்வதை நினைத்தபோதும் இன்பமாக இருந்தது. ஆனால் முதலாவது கனவு கலைந்தபின் மனம் வறண்டு கிடந்தது, இரண்டாவதற்குப் பின் மகிழ்ச்சி தங்கியிருந்தது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததிலிருந்துதான் பின்னாளில் அவர் ஆவிகளைப் பகுத்தறியும் விதிகளை, அதாவது மனதில் எழும் தூண்டுதல்களில் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியும் விதிகளை, எழுதினார். அவற்றுள் ஒன்று உங்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது: மனம் இருண்டிருக்கும் காலத்தில் எந்த மாற்றமும் செய்யாதே, அதற்கு முன் தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தில் நில். நீங்கள் வேலையை விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நித்திரையில்லாத இந்த வாரங்களில் அதைத் தீர்மானிக்க வேண்டாம் என்கிறேன். முதலில் நித்திரைக்கு வழி பாருங்கள். ஒரு மருத்துவரைக் காணுங்கள். மனநலத்துக்கான தேசிய உதவி இலக்கமான 1926ஐ அழைத்துப் பேசுவதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

மனம் தெளிந்தபின் உங்கள் மதிலையும் சுற்றிப் பாருங்கள். சேமலாப நிதியை எடுத்துத் தொழில் தொடங்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையை விட்ட காரணத்துக்காக மட்டும் அந்தப் பணம் முழுதும் கைக்கு வராது; பொதுவாக ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வயது ஆக வேண்டும். பணிக்கொடை வேறு: 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, மாதச் சம்பளம் பெறுபவரானால், ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் சேரும். உங்கள் ஒன்பது ஆண்டுக்கு அது நாலரை மாதச் சம்பளம். வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவையும் அதற்கு எதிரே எழுதிப் பாருங்கள். மேலதிகாரி அவமானப்படுத்திய நாள், நேரம், சொன்ன வார்த்தை, அருகிலிருந்தவர் என்பவற்றைத் தனியாக ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். இருந்தாலும் போனாலும் அது உதவும்.

கேள்வி: நம்முடைய இலக்கை எல்லாருக்கும் சொல்லிவிட்டால் வெட்கத்துக்காகவாவது செய்து முடிப்போம் என்கிறார்கள். சரியா? (பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: எல்லாருக்கும் சொன்னால் பாராட்டு முன்பணமாகவே கிடைத்துவிடும், பிறகு வேலை செய்வதற்கு உற்சாகம் குறையும் என்பது என் அனுபவம். ஒருவருக்குச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் நேராக ‘செய்தாயா?’ என்று கேட்கக்கூடியவராகவும், ‘இல்லை’ என்ற பதிலைக் கேட்டு உபதேசம் தொடங்காதவராகவும் இருக்க வேண்டும். என் வீட்டில் அது என் மனைவி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியில், பஸ்ஸில் கேட்பார். இந்தப் பதில்களை வியாழனுக்குள் எழுதி முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். இன்று சனிக்கிழமை.